மான் சொல்லிக்கொடுத்த ஒப்பாரி

மேகாலயத்தின் ஷில்லாங்கில் 2003-ஆம் ஆண்டு ரூடி வாலாங் என்ற கிதார்காரரும் டிப்ரிட்டி கார்பாங்கர் என்ற பாடகியும் சேர்ந்து ‘சோல்மேட்’ என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். ப்ளூஸ் பாடுவது என்று முடிவு. இந்தியாவில் ப்ளூஸ் பாடிப் பிழைக்கலாம் என்று அன்றைக்கு யாரும் தைரியம் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைக்குமே யோசித்துத்தான் சொல்வார்கள். நவி மும்பை ஐரோலியில் எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து பார்த்தால் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அதற்கு மறுபக்கம் கழிமுகம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கொஞ்ச காலமாக இவர்களைக் கேட்டுவருகிறேன். மனதில் பட்டதை அவ்வப்போது எழுதிவைக்கிறேன்.

*

ரூடியின் அப்பா டோட்டோ வாலாங்கும் இசைக்காரர். ஷில்லாங்கில் அது அதிசயம் இல்லை. 1841-ல் வேல்ஸ் நாட்டிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் என்ற மிஷனரி, ஷில்லாங் இருக்கும் காசி மலைக்கு வந்தார். அவர் வழியில் தேவாலயங்கள் வந்தன, குரல்களைப் பிரித்துப் பாடும் துதிப்பாட்டுகள் வந்தன. பின்னால் வெள்ளைக்காரப் பட்டாளம், ரேடியோ, இசைத்தட்டு. கிதார் அந்த ஊர்ப் பொருளாகவே ஆகிவிட்டது.

அதே ஊரில் லூ மஜாவ் என்றொருவர். 1972 முதல் வருடம் தவறாமல் மே 24 அன்று, பாப் டிலனின் பிறந்தநாளுக்குப் பாடி வருகிறார். நரைத்த நீள முடி, முழங்காலுக்கு மேல் வெட்டிய ஜீன்ஸ். சொந்தப் பாட்டும் எழுதுவார். யாரும் அழைக்கவில்லை, யாரும் காசு தருவதாகச் சொல்லவில்லை. தான் மதிக்கும் ஒருவருக்கு ஒரு தேதியை ஒதுக்கிவைத்து, அரை நூற்றாண்டு அதைக் காப்பாற்றியிருக்கிறார். நம் ஊர்களில் கோயில் கொடைக்கு மட்டுமே இந்த உறுதி உண்டு.

*

மாட்டுங்காவிலும் சயானிலும் கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்த காது எனக்கு. முதலில் ப்ளூஸ் பிடிபடவில்லை. ஒரே வரியை இரண்டு தரம் பாடி, மூன்றாவதில் பதில் சொல்வார்கள். பன்னிரண்டு கட்டம் முடிந்ததும் மறுபடி அதே சுற்று. ஒருநாள் கிதார் தனியாகப் பேசும் இடத்தில் சட்டென்று சுத்த தன்யாசி தெரிந்தது. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அதே ஐந்து ஸ்வரம்தான் அடித்தளம். அமெரிக்கக் கிராமத்துக் கன்ட்ரி பாட்டில் பாதிக்கு மேல் மோகனமாகக் காதில் விழுகிறது. சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று தெரிந்தபின் உள்ளே போகக் கூச்சம் இருக்கவில்லை.

ஆனால் ப்ளூஸின் காந்தாரம் சாதாரணத்திலும் நிற்காது, அந்தரத்திலும் நிற்காது. இரண்டுக்கும் இடையில் ஒரு இடம். அங்கே போய் நின்று அழுதுவிட்டுத் திரும்பும். பியானோக் கட்டையில் அந்த இடம் கிடையாது. குரலுக்குத் தெரியும்.

*

சோல்மேட் பாடுவதில் பெரும்பகுதி ஆங்கிலம். ‘சியர் லபலாங்’ காசி மொழி. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பாட்டுத்தான்.

லபலாங் ஓர் இளம் மான். சமவெளியில் தாயோடு இருந்தது. மலைமேல் ருசியான இலைதழை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, தாய் தடுத்தும் கேட்காமல் ஏறிப்போனது. வேடர்களின் அம்பு பட்டுச் செத்தது. கூச்சலும் கொண்டாட்டமுமாக அவர்கள் சுற்றி நிற்கும்போது, பிள்ளையைத் தேடிக்கொண்டு தாய் மான் வந்து சேர்ந்தது. அது அழுத அழுகையில் வேடர்கள் வாயடைத்துப் போனார்கள். இறந்தவருக்காக அழுவதெப்படி என்று மனிதர்கள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள் என்பது காசி மக்களின் கதை.

கொன்றவர்களே கேட்டு, கொன்றவர்களே கற்றுக்கொண்ட அழுகை. இப்படி ஒரு கதையை எந்த ஊரிலும் நான் கேட்டதில்லை. தாய்வழிச் சமூகம் அது. பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர்தான், பூர்விகச் சொத்து கடைசி மகளுக்கு. அழவும் தாயே கற்றுக்கொடுத்திருக்கிறாள். டிப்ரிட்டியின் குரல் அந்தப் பாட்டில் அடிவயிற்றிலிருந்து கிளம்புகிறது. மிசிசிப்பியின் பருத்திக்காட்டில் கறுப்பின மக்கள் கண்டெடுத்த ஒரு பாட்டு வடிவம், மேகாலயத்து மானுக்கு இடம் கொடுத்து நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. கடன் வாங்கிய இசை சொந்த இசையாவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்கர்கள்போல் உச்சரிப்பதாலோ அவர்கள்போல் கிதார் வாசிப்பதாலோ அது நடப்பதில்லை. தன் வீட்டுச் சாவை அதற்குள் வைத்துப் பாடத் துணிகிறபோது நடக்கிறது.

*

தாராவியில் எங்கள் ஆச்சி ஒப்பாரி வைப்பாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். யார் வீட்டுச் சாவென்றாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இறந்தவரின் பேர், ஊர், பிழைக்க வந்த கதை, கடைசியாகக் கேட்ட பலகாரம் வரைக்கும் அங்கேயே கட்டி அங்கேயே பாடுவாள். ஒரு சாவுக்குப் பாடியது மறு சாவுக்கு வராது. அவளைப் பாட்டு எழுதுகிறவள் என்று யாரும் சொன்னதில்லை. எழுதப்படிக்கவும் தெரியாது. ஒலிப்பதிவும் இல்லை.

*

2011 பிப்ரவரியில் பாந்திரா மெஹபூப் ஸ்டுடியோவில் மஹிந்திரா ப்ளூஸ் விழா முதல்முறையாக நடந்தது. சிகாகோவிலிருந்து ப்ளூஸ் கிதார்காரர் பட்டி கை வந்திருந்தார். லூசியானாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1936-ல் பிறந்து, 1957-ல் சிகாகோவுக்கு ரயிலேறியவர். அதே விழாவில் சோல்மேட்டும் இருந்தது. அதற்கு முன்பே, 2007-ல், மெம்ஃபிஸில் நடக்கும் சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் போய்வந்தவர்கள் அவர்கள். ‘ஷில்லாங்’, ‘மூவிங் ஆன்’, ‘டென் ஸ்டோரீஸ் அப்’ என்று ஆல்பங்கள். முதல் ஆல்பத்துக்குத் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

மேடையில் இதெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். மேடைக்கு வரும் வழி வேறு. ஷில்லாங்கிலிருந்து குவாஹாட்டிக்கு மலைச்சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர். அங்கிருந்து மும்பைக்கு விமானத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல். நான்கு பேர், கிதார்கள், சாமான்கள், தங்குமிடம், எல்லாம் ஒரு இரவுக் கச்சேரிக்காக. டெல்லிக்கோ மும்பைக்கோ குடிபெயர்ந்துவிட்டால் செலவு குறையும், வாய்ப்பும் கூடும். ஆனாலும் ஷில்லாங்கை விட்டு அவர்கள் பெயர்ந்துவிடவில்லை. வண்டி ஏறிப் போய்ப் பாடிவிட்டு மலைக்குத் திரும்புகிற வாழ்க்கையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

மும்பைத் தமிழனாகிய எனக்கு இது சுலபமாகப் புரியக்கூடிய விஷயம் இல்லை. பிழைப்பு எங்கேயோ அங்கே குடி என்பதுதான் எங்கள் நான்கு தலைமுறைச் சரித்திரம்.

*

தமிழில் பாட்டு என்றாலே சினிமா. நல்ல கலைஞர்கள் பலருக்கு அது சோறு போட்டது, அதை மறுக்கவே கூடாது. 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வில் வரும் கிதாரை உலகத் தமிழர் எல்லோரும் முணுமுணுக்கிறோம். வாசித்த ஆர். சந்திரசேகரின் பெயரை எத்தனை பேர் சொல்வோம்? இலங்கையிலிருந்து வந்த ஏ.இ. மனோகரன் பைலாவும் பாப்பும் கலந்து எழுபதுகளில் தனியாக ஒரு பாதை போட்டார். ‘சுராங்கனி’ ஊரெல்லாம் பாடியது. கடைசியில் அவரையும் சினிமா இழுத்துக்கொண்டு வில்லன் வேடம் கொடுத்தது. 2018-ல் சென்னையில் காலமானார்.

பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை இழந்துவிடாமல் காக்கும் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல்தான் வந்தது. அதற்குமுன் ஒரே கையெழுத்தில் எல்லாம் போய்விடும். சினிமாவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, பாட்டு அவர்களுடையது. கேட்கும் கூட்டம்தான் சிறியது. எது பெரிய இழப்பு என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இப்போது எனக்குச் சந்தேகமில்லை. சிறிய கூட்டத்தோடு வாழ்ந்துவிடலாம்.

*

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற ப்ளூஸ் பாடகர் 1928-ல் ஒரு கம்பெனிக்குச் சில பாட்டுகள் பாடிக் கொடுத்தார். தட்டுகள் விற்கவில்லை. அவலன் என்ற தன் சிற்றூருக்குத் திரும்பி வயலில் கூலிவேலை பார்த்தார். அவரது பாட்டு ஒன்றில் அந்த ஊர்ப் பெயர் வருகிறது. அதைத் துப்பாகப் பிடித்துக்கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இசை ஆர்வலர் 1963-ல் தேடிப்போனபோது, கிழவர் அங்கேயே இருந்தார், விரல்களும் மறக்கவில்லை. அடுத்த மூன்று ஆண்டு ஊர் ஊராகப் பாடி, 1966-ல் இறந்தார்.

முப்பத்தைந்து வருடம் யாரும் கேட்காமல் இருந்த காலத்தை அவர் தொழில்வாழ்வில் சேர்ப்பதா கூடாதா? நான் சேர்ப்பேன். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து அண்டை வீட்டாருக்கு வாசித்ததும் பாடகனின் வேலைதானே.

*

எதிர் ஃப்ளாட் பையன் கிதார் கற்கிறான். பகலில் மைண்ட்ஸ்பேஸ் ஐ.டி. வளாகத்தில் வேலை. ‘சியர் லபலாங்’ கேட்கக் கொடுத்தேன். மறுநாள் வந்து என்ன மொழி என்று கேட்டான். மான் கதையைச் சொன்னேன், பேச்சுவாக்கில் ஆச்சியின் கதையையும்.

“ஞாபகம் இருக்கறத ஒருக்க பாடுங்க அங்கிள்” என்றான்.

எனக்கு ராகம்தான் ஞாபகம் இருந்தது, சொல் பாதிக்கு மேல் இல்லை. நடுத்தர வயது ஆண்பிள்ளை ஹாலில் உட்கார்ந்து ஒப்பாரி பாடுவதைச் சமையலறையிலிருந்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்து கம்பியில் தேடிக்கொண்டே இருந்தான். மூன்றாம் கட்டையில் வைத்தான், நாலாவதில் வைத்தான். பிறகு மூன்றாவதிலேயே விரலை அழுத்திக் கம்பியைப் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்தான்.

“இது கட்டையில இல்ல அங்கிள். இழுத்தாத்தான் வருது. இன்னொரு தடவ பாடுங்க, மெதுவா.”