வாடகையை நீ சொல்!

“அண்ணே, லோடு ரெடி. இப்பவே சரின்னு சொல்லுங்க. இல்லேன்னா பக்கத்து வண்டிக்குக் கொடுத்துடுவேன்.”

இந்த ஒரு மிரட்டலிலேயே பாதி லாரித் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டதும் உனக்கு ஏன் நெஞ்சு படபடக்கிறது? ஆர்.சி.யில் இருப்பது உன் பெயர். மாசம் பிறந்தால் டியூ கட்டுகிறவன் நீ. கண் எரிய எரிய ராத்திரியில் ஸ்டீயரிங் பிடிக்கிறவனும் நீ. வாடகையை மட்டும் எவனோ சொல்வான், நீ தலையாட்டுவாயா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போய்ப் பார். மழையை நம்பிப் பிழைக்க முடியாத அந்த மேட்டு நிலத்திலிருந்து கிளம்பியவர்கள் இன்றைக்கு இந்தியா முழுக்க வண்டி ஓட்டுகிறார்கள். கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒற்றை வண்டி வாங்கி ஓனரானவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. உனக்கும் கொடுக்கப் போவதில்லை.

புரோக்கரைத் திட்டி ஒரு பயனும் இல்லை. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். பார்ட்டியிடம் ஒரு விலை, வண்டிக்காரனிடம் ஒரு விலை, நடுவில் நிற்பது அவர் பிழைப்பு. தன் கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருக்கிறது. உன் கணக்கு உனக்குத் தெரியுமா? தெரியாததால்தான் பயப்படுகிறாய். “இதுக்குக் கட்டாதுங்க” என்று நிமிர்ந்து சொல்ல தைரியம் மட்டும் போதாது தம்பி, கையில் ஒரு எண் வேண்டும்.

இப்போதே ஒரு நோட்டை எடு. பத்து வீல் வண்டி என்று வைத்துக்கொள்வோம். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் 92 ரூபாய். ஆக, கிலோமீட்டருக்கு 23 ரூபாய் டீசலுக்கே போகிறது. பத்து டயரும் 2,40,000 ரூபாய், 80,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றால் அதில் 3 ரூபாய். மாசம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 60,000 டியூ என்றால் 7.50. இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், எஃப்.சி. எல்லாம் சேர்ந்து மாசத்துக்கு 12,000 என்றால் 1.50. டோலுக்கு 5 போடு. மொத்தம் 40 ரூபாய். இவை என் எண்கள். உன் வண்டிக்கு உன் எண்ணைப் போட்டுக்கொள், ஆனால் போடாமல் விடாதே.

40 ரூபாயோடு கணக்கை மூடிவிட்டாயா? பெரும்பாலான ஓனர் கம் டிரைவர்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். “ஓட்டுறது நானே, டிரைவர் சம்பளம் மிச்சம்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். என்ன மிச்சம்? உன் முதுகுவலியும் தூக்கமும் ஓசியா? இன்னொருவன் வண்டியை ஓட்டியிருந்தால் சம்பளமும் படியும் எண்ணி வாங்கியிருப்பாயே, சொந்த வண்டி என்றதும் ஏன் கொத்தடிமை ஆகிறாய்? கிலோமீட்டருக்கு 5 ரூபாய் உன் கூலி என்று எழுது. ஆக 45. பாட்டரி, கிளட்ச் என்று வருகிற செலவையெல்லாம் நான் இன்னும் தொடவே இல்லை.

45 என்ற எண் கைக்கு வந்துவிட்டால் அதற்குக் கீழே வருவதையெல்லாம் உதறித் தள்ளலாம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. வீம்பு வேறு, தன்னம்பிக்கை வேறு. நாமக்கல்லிலிருந்து நாக்பூர் சுமார் 1,300 கிலோமீட்டர். போக வர 2,600. 45 வீதம் 1,17,000 ரூபாய் வர வேண்டும். போகும்போதே 75,000 கிடைத்துவிட்டால் திரும்பும்போது 42,000 வந்தால் போதும். அங்கே ஆரஞ்சு லோடுக்கு 45,000 சொல்கிறார்களா? கிலோமீட்டருக்கு 35 கூட வரவில்லையே என்று முறைக்காதே, கண்ணை மூடிக்கொண்டு ஏற்று. அதே 45,000-ஐ இங்கிருந்து கிளம்பும்போது ஒருவன் சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு போனை வை.

கேரளாவுக்கு லோடு கட்டுகிறவனுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். முட்டையோ காய்கறியோ சிமெண்டோ, இறக்கிவிட்டால் பெரும்பாலும் வெறும் வண்டிதான் திரும்பும். திரும்பி வருகிற டீசலையும் போகிற வாடகையிலேயே வாங்கிவிட வேண்டும். தூரம் குறைவு, வாடகை நல்லா இருக்கே என்று பல்லிளித்தால் பாலக்காடு தாண்டுவதற்குள் லாபம் கரைந்துவிடும். லோடைத் தேர்ந்தெடுக்காதே, முழு நடையைத் தேர்ந்தெடு.

நின்றால் என்ன ஆகும் என்பதையும் அதே நோட்டில் எழுது. டியூ, இன்சூரன்ஸ் வகை, உன் கூலி சேர்த்து மாசம் 1,12,000. ஒரு நாளைக்கு 3,700 ரூபாய்க்கு மேல். 5,000 ரூபாய் கூடக் கிடைக்கும் என்று லாரி ஷெட்டில் இரண்டு நாள் காத்திருந்தவன் 7,400 ரூபாயைத் தொலைத்துவிட்டுச் சீட்டு விளையாடுகிறான். இன்னொருவன் நல்ல வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போய், இறக்க ஆளில்லாமல் குடோன் வாசலில் மூன்று நாள் கிடக்கிறான். எத்தனை மணிக்கு இறக்குவீர்கள், அதற்குமேல் நின்றால் ஹால்ட்டிங் எவ்வளவு, ஏற்று கூலி இறக்கு கூலி யார் தலையில் என்பதையெல்லாம் தார்ப்பாய் கட்டுவதற்கு முன்னால் கேள். கயிறு இறுக்கிய பிறகு கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

“மூணு டன் கூடப் போட்டுக்கலாம் அண்ணே, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க” என்று ஒரு குரல் வரும். இங்கேதான் உன் முதுகெலும்பு தெரிய வேண்டும். 2018-லேயே அரசு அச்சுப் பார வரம்பைக் கூட்டி, பத்து வீல் வண்டிக்கு வண்டி எடையோடு சேர்த்து 25 டன்னாக இருந்ததை 28.5 ஆக்கியாயிற்று. அதற்கும் மேலே ஏற்றினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், அதோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. மூன்று டன்னுக்கு 26,000. டன்னுக்கு 3,000 வீதம் 9,000 சம்பாதிக்கப் போனவனின் கதை இது!

அபராதத்தையாவது கட்டிவிடலாம். வடக்கேயிருந்து பாரம் ஏற்றி, தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் இறங்கும்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? வாடகை கட்டவில்லை, டீசலையாவது பிடிப்போம் என்று கியரை நியூட்ரலில் தள்ளுகிறார்கள். எஞ்சின் பிடிப்பு போய்விடுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறுகிறது, லைனிங் கருகுகிற வாசனை கேபினுக்குள் வருகிறது. அதற்குமேல் பிரேக் மிதித்தால் கால்தான் இறங்கும், வேகம் இறங்காது. முன்னால் போகும் காரில் ஒரு குடும்பம் இருக்கும். ஏற்றும் இடத்திலேயே “வேண்டாம்” என்று சொல்லத் தயங்கிய ஒரு லோடு, அந்த இறக்கத்தில் உயிரைக் கேட்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் புக்கிங் ஆபீஸ், தொப்பூர் அல்ல!

பாக்கிப் பணம்தான் இன்னும் இருக்கிறது. அட்வான்ஸ் போக மீதிக்கு, கையெழுத்து வாங்கிய காப்பியைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏறி இறங்குவாய்? “நாளைக்கு வாங்க” என்பவன் முன்னால் கைகட்டி நிற்காதே. நீயும் ஒரு தொழில் நிறுவனம்தான், ஒற்றை வண்டியாக இருந்தாலும். ஆதார், பான் இரண்டையும் வைத்து உத்யம் பதிவு செய்துகொள். அதற்குக் கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பதிவு செய்த குறுநிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இழுத்தடிக்கிறவனுக்கு இது பெரும்பாலும் தெரியும், உனக்குத் தெரியாது என்ற தெம்பில்தான் இழுக்கிறான். பில் புத்தகம் ஒன்று அச்சடி. உத்யம் எண் மேலே இருக்கட்டும், பணம் வர வேண்டிய தேதி கீழே இருக்கட்டும். அடுத்த லோடுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதில் முதல் பில்லைப் போட்டு, பழைய பாக்கிக்காரனுக்கு அனுப்பு.