பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சாக்ஸபோன் ஐந்து, டிரம்பெட் நாலு, டிராம்போன் நாலு. பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ். ஆக 17 பேர். ஜாஸில் ‘பிக் பேண்ட்’ என்கிற கோஷ்டியின் வழக்கமான அளவு இது. பதினேழு பேருக்கும் தனித்தனியாக ஸ்வரம் எழுதணும், ஒத்திகை பார்க்கணும், ஸ்டுடியோ வாடகை, சம்பளம், சாப்பாடு... 1946 கடைசியில் பென்னி குட்மேன், டாமி டார்ஸி போன்ற ஜாம்பவான்களே குழுவைக் கலைத்ததற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

அப்படியிருக்க, இணையத்தில் பாட்டு இலவசமாகக் கொட்டத் தொடங்கிய காலத்தில் யாராவது இதில் கை வைப்பார்களா?

மரியா ஷ்னைடர் வைத்தார். மின்னசோட்டாவில் விண்டம் என்ற சிற்றூரில் பிறந்தவர். நியூயார்க் வந்து, கில் எவன்ஸ் என்ற மேதைக்கு உதவியாளராக இருந்தவர். 2004-ல் வெளியான ‘கான்செர்ட் இன் தி கார்டன்’ ஆல்பத்துக்கு அவர் கம்பெனிகளை நம்பவில்லை. ‘ஆர்ட்டிஸ்ட்ஷேர்’ என்ற இணைய அமைப்பு மூலம் ரசிகர்களிடமே முன்பணம் வாங்கினார். பதிலுக்கு, இசை உருவாவதைக் கூட இருந்து பார்க்கலாம். குறிப்புகள், ஒத்திகை, தடுமாற்றம் எல்லாம். குறுந்தகட்டை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். உருவாகும் அனுபவத்தை அடிக்க முடியாதே! கடைகளில் விற்காத அந்த ஆல்பம் 2005-ல் கிராமி வாங்கியது. கடைக்கே போகாமல் கிராமி வாங்கிய முதல் ஆல்பம். 2020-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்ததாக அறிவித்தது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். “எல்லாம் சரி சார். காசு குடுத்தவன், ‘எனக்குப் பிடிச்ச மாதிரி வாசி’ன்னு அதிகாரம் பண்ண மாட்டானா?” என்றார்.

நியாயமான கேள்வி. கடையில் வாங்கும்போது பொருள் கண்ணெதிரே இருக்கிறது. பிடித்தால் காசு, இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம். நமக்கு நஷ்டமில்லை. முன்பணத்தில் பொருளே இல்லை. நன்றாக வராமலும் போகலாம். அந்த நஷ்டத்தில் பாதியை நான் ஏற்கிறேன். அதற்காக எனக்கு வரவேண்டியது நேர்மையான உழைப்பு மட்டும்தான். என் ருசிக்குத் தாளம் போடச் சொன்னால், அது பங்கு அல்ல, கூலி.

தன்னை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசை வேண்டாமென்று மறுத்தாராம் பெருஞ்சித்திரனார். காசு வராததில் கலைஞனுக்கு வலிதான். தன்னைப் பார்க்காமலே காசு வருவதும் அவனுக்கு வலிதான் போலிருக்கிறது.

சரி, காசில்லாதவன்? கேட்கட்டும், தாராளமாக. கல்யாண வீட்டில் மொய் எழுதாதவனுக்கும் இலை போடத்தான் வேண்டும். ஆனால் பையில் பணம் வைத்துக்கொண்டு, இலையும் போடச் சொல்லி, பந்தியையும் குறை சொல்கிறவனை என்ன செய்வது?

அந்த ஆள் நான்தான். மரியாவின் இசையை முதலில் கேட்டது ஒரு நண்பர் அடித்துத் தந்த காப்பியில். “இரண்டாவது பாட்டு கொஞ்சம் நீளம்” என்று விமர்சனம் வேறு!

பிற்பாடு ஒருமுறை, வேறொருவரின் இன்னும் எழுதப்படாத இசைக்கு முன்பணம் கட்டினேன். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. வீட்டில் கேலி செய்தார்கள். வந்தபோது, எந்த இடத்தில் அவர் திணறினார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இடம் வந்ததும் காது தானாக நிமிர்ந்தது. நீளமாக இருக்கிறதே என்று தோன்றவேயில்லை.