காத்திருத்தலும் மலபரிபாகமும்



சென்ற வைகாசியில் ஏற்காட்டில் ஓர் அன்பர் இல்லத்திற் கூடிய சிறு குழுவின்முன், உமாபதி சிவம் அருளிய திருவருட்பயனின் நான்காம் அதிகாரமாகிய அருளது நிலையைப் பற்றிச் சில சொல்லும் பேறு எளியேற்கு வாய்த்தது. அப்போது யான் கூறிய உவமையொன்று பிழைபட்டதென்பதனை அன்றிரவே சேலம் சந்திப்புப் புகைவண்டி நிலையத்தில் உணர்ந்தேன். அவையிற் பிழைத்தவன் அவையிலேயே திருத்தக் கடவன். ஆகலின் இதனை எழுதலானேன். வண்டிகள் புகைவிடுத்து மின்னால் இயங்கும் இக்காலத்தும் யான் புகைவண்டி என்றே எழுதுகின்றேன். பழகிய எழுதுகோல் எளிதின் மாறாது.

நிகழ்ந்தது இது. பேச்சு முடிந்தபின் இளைஞரொருவர் எழுந்து, "ஐயா, மலத்தைப் பரிபாகப்படுத்துவோன் இறைவன்; இருவினையொப்பு வருவிப்போனும் அவன்; சத்திநிபாதம் நிகழ்த்துவோனும் அவனே என்கிறீர்கள். ஆயின் நான் செய்யத்தக்கது யாது? காய் தானே கனியும்வரை வாளா இருந்தால் அமையாதோ?" என்றார். யான் சிறிதும் எண்ணாது, "தம்பி, புகைவண்டி நிலையத்திற் சீட்டு வாங்கியவன் என்ன செய்கின்றான்? அமர்ந்திருக்கின்றான். வண்டி தனக்குரிய காலத்தில் வரும். நாம் ஓடியாடினால் அது முன்னதாக வாராது. அருளும் அத்தகையதே" என்றேன். அவையினர் முறுவலித்தனர். இளைஞரும் கைகூப்பி அமர்ந்தார். அவர் அண்மையில் தந்தையை இழந்தவர் என்பதும், நோயுற்றுக் கிடந்த தந்தைக்காகப் பன்மாதம் நாடோறும் நீராடித் திருமுறை ஓதி வழிபட்டவர் என்பதும், அவ்வழிபாடெல்லாம் வீணாயிற்றே என்று உளம் முறிந்தே அவ்வினாவை எழுப்பினார் என்பதும், யான் பேருந்தில் ஏறும்போது வீட்டன்பர் சொல்லக் கேட்டேன். முன்னரே கேட்டிருந்தேனாயின் அத்துணை எளிதாக விடையிறுத்திரேன்.

மலையினின்றும் இறங்கும் பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள. ஒவ்வொன்றிற்கும் எண் எழுதி நிறுத்தியிருக்கின்றனர். அவ்வெண்களை எண்ணியவாறே அவ்விளைஞரின் முகத்தையும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

சேலத்திற்கு இருப்புப்பாதை வந்தது 1861-ஆம் ஆண்டில். இராயபுரத்தினின்றும் வாலாஜா வரை 1856-இல் தென்னாட்டின் முதற் பயணியர் வண்டி ஓடிய ஐந்தாண்டுகளில் அது சேர்வராயன் மலையடியை எய்திவிட்டது. இன்று அந்நிலையம் பல வழிகள் கூடுமிடம். ஒருவழி விருத்தாசலம் செல்லும்; அது திருமுதுகுன்றம். ஒருவழி நாமக்கல் கடந்து கரூர் செல்லும்; அது 2013-இல் திறக்கப்பெற்றது; கருவூர் ஆனிலையைத் தொழச் செல்வார்க்குப் பெரிதும் உதவுவது. ஈரோட்டு வழியிற் சங்ககிரியில் இறங்கினாற் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோடு அணித்து. இவ்வாறு எல்லாத் திசைக்கும் செல்வார் ஒரே மேடையில் மூட்டைமேல் அமர்ந்தும், செய்தித்தாள் விரித்துப் படுத்தும், கைப்பேசியை நோக்கியும், குழந்தைக்குச் சோறூட்டியும் காத்திருந்தனர். தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு ஓயாது ஒலித்தது. வடநாட்டு இளைஞரிருவர் தம் சீட்டைக் காட்டி, ஏற்காடு விரைவு வண்டி மலையுச்சிக்கு எத்தனை மணிக்குச் சென்று சேரும் என வினவினர். அவ்வண்டி சென்னைக்கும் ஈரோட்டிற்கும் இடையே இரவில் ஓடுவது. மலையின் பெயரைத் தாங்கியதேயன்றி மலையேறுவதன்று. அவர்கட்கு இதனை உணர்த்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

என் அருகில் மலையூர் மூதாட்டி ஒருவர் இருந்தார். அம்மலையிற் பல தலைமுறையாக வாழும் மலையாளி மக்களுள் ஒருவர். பெயர்கொண்டு மயங்கற்க; அவர்கள் தமிழே பேசுவோர், தம் முன்னோர் காஞ்சியினின்றும் வந்தோர் என்று கூறிக்கொள்வோர். அவர் எங்கும் பயணம் போகிறவரல்லர். வெளியூரில் வேலை செய்யும் மகன் வருவதாகச் சொல்லியிருந்தானாம். எந்த வண்டி என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே வண்டி ஒவ்வொன்று வரும்போதும் எழுந்து, பெட்டிதோறும் நோக்கியவாறு மேடையின் ஒரு கோடியினின்றும் மறுகோடிவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து அமர்வார். மகனுக்கென்று கட்டிவந்த சோற்றுமூட்டையை மடியினின்று இறக்கவேயில்லை. ஆயினும் தம் குவளையினின்றும் அயலிலிருந்த குழந்தைகட்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தார்.

யானோ எனில், சீட்டை இடுப்பில் முடிந்துகொண்டு, நேரமாயின் அறிவிப்பு எழுப்பும் என்று தூணிற் சாய்ந்தேன். உறங்கிவிட்டேன். "சாமி, சாமி, இது நீங்க போற வண்டிங்களா?" என்று அம்மூதாட்டியார் என் தோளைத் தொட்டு எழுப்பியபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மேடையைக் கடந்துகொண்டிருந்தது. அறிவிப்பு மூன்று முறை ஒலித்ததாம். குறை முற்றும் என்னுடையதே.

அடுத்த வண்டி விடியற்காலையில். எஞ்சிய இரவு முழுதும் என் உவமையையே ஆராய்ந்தேன்.

வண்டி வருவது, நின்று போவது, உறங்குபவனை விட்டுச் செல்வது. திருவருள் அத்தகையதோ? அன்று. அது உயிரோடு ஒன்றாய் வேறாய் உடனாய் அநாதியே நிற்பது. நீர்ப்பெருக்கினுள் நின்றும் நா வறண்டு வாடுபவனைப் போல உயிர் அதனுள்ளே இருந்தும் அதனை அறியாது கிடக்கின்றது என்பதன்றோ யான் அன்று விரித்த அதிகாரத்தின் கருத்து! அதனை ஒருநாழிகை விரித்துவிட்டு, அருள் வேறோர் ஊரினின்றும் புறப்பட்டு வரும் என்று முடித்தேனே! வருவது அருளன்று, தேய்வது மலத்தின் சத்தி. காத்திருப்பவர் நாமென எண்ணுகின்றோம். உண்மையிற் காத்திருப்பவன் அவன். திரோதானமாய் நம் பின்னின்று, மலத்தின் வலி மெலியுமாறு அதனைத் தொழிற்படுத்தி, எத்தனை பிறவியாயினும் சலியாது நிற்கின்றான்.

அற்றேல், அவனே அது செய்யுமெனின், நம் செயல் மிகை எனப்படாதோ எனின், படாது. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த மன்னன் மகனைப் போல ஐம்புலன்களுள் அயர்ந்த உயிருக்கு இறைவனே குருவாய் வந்துணர்த்துவன் என்கின்றது. ஆயினும் அவ்வருகைக்கு முன் தவத்தை வைத்தது. அத்தவமாவன சரியை, கிரியை, யோகங்கள் என்பது நம் நூல்களின் துணிபு. அவன் பரிபாகம் செய்யும் கருவியே நம் பணி. கனியவைப்பது வெயிலேயாயினும், கொம்பை விட்டு விழுந்த காய் கனியாது.

திருச்செங்கோட்டு நிகழ்ச்சியை நினைமின். ஆளுடைய பிள்ளையார் அவ்வூரில் எழுந்தருளியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. வினைவழி வந்த நோய், நுகர்ந்தே கழியும் என்று அவர்களை அவர் அமர்த்திவிடவில்லை. வினை என்று அறிந்தவன் உய்யும் வழியை நாடாதிருத்தல் தகாது என்று திருநீலகண்டப் பதிகத்தாற் கண்டித்தார். வினைக்கொள்கையை நம்மினும் நன்கறிந்தவர் அவர். அதனைச் சோம்பலுக்குத் தலையணை ஆக்கவில்லை.

காத்திருத்தல் என்பதற்கு இலக்கணமாய் நிற்பவரோ திங்களூர் அப்பூதியடிகள். தாம் கண்டறியாத திருநாவுக்கரசர்க்காகக் காத்திருந்தவர். எங்ஙனம் காத்திருந்தார்? வழிப்போவார்க்குத் தண்ணீர்ப்பந்தர் வைத்தார், குளம் தொட்டார், சோலை வளர்த்தார், மக்கட்கும் மனையிலுள்ள பொருள்கட்கும் அரசர் பெயரையே இட்டார். ஒருநாள் நடைவருந்தி வந்த வழிப்போக்கரொருவர் அப்பந்தரில் இளைப்பாறி, நும் பெயரை விடுத்து வேறொரு பெயர் எழுதியது என்னை என வினவ, அவர்மேற் சினங்கொண்டார். அவ்வழிப்போக்கரே அரசர். தாம் வைத்த பந்தரின் நிழலுக்கே தாம் காத்திருந்தவர் வந்து சேர்ந்தார். பந்தர் இல்லையேல் அவர் வேறு நிழலை நாடிச் சென்றிருப்பாரோ, அறியேன். சேக்கிழார் பந்தரில் நின்றே கதையைத் தொடங்குகின்றார்.

இனி அவ்விளைஞருக்கு ஒரு சொல். தம்பி, நும் வழிபாடு நும் தந்தையின் உடலை நிறுத்தவில்லை. அதனை மறைத்துப் பேசேன். பிராரத்த வினைக்களவாய் வந்த உடல் அவ்வளவு முடிந்தவுடன் நீங்கிற்று. பெரியோரின் உடல்களும் அங்ஙனமே நீங்கின. ஆயினும் அம்மாதங்களில் நீர் கண்விழித்ததும், வைகறையில் நீராடியதும், ஓதியதும், அவர் வாயில் நீர் வார்த்ததும் வாராத வண்டிக்குக் காத்த வெறுங்காவல் அல்ல. அவை தவம். அவற்றின் பயன் யாதென்று சீட்டிற் காண்பது போல யான் எடுத்துக் காட்ட இயலாது. அன்று அங்ஙனம் காட்ட முயன்றதே என் பிழை. ஓதுவதை மட்டும் விட்டுவிடாதீர்.

விடியற்காலை என் வண்டி வந்தது. இம்முறை உறங்கவில்லை, அம்மையார் உறங்கவிடவுமில்லை. "மகன் வந்தானா அம்மா?" என்றேன். "இன்னும் இல்லைங்க சாமி. அடுத்ததுல வருவான்" என்று சொல்லிச் சோற்றுமூட்டையை முகர்ந்து பார்த்தார், வெயிற்காலமாதலாற் கெட்டுவிடுமோ என்னும் அச்சம் போலும். வண்டி நகர்ந்தபோது சாளரத்தின் வழியே நோக்கினேன். மலைமேல் இரண்டொரு விளக்குகள் இன்னும் அணையாதிருந்தன. எதிர்மேடையில் வேறொரு வண்டி வந்து நிற்க, அவர் முதற்பெட்டியின் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.