மழை நாளும் வேலை நாளே

கிளியனூரிலிருந்து வடகிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடும். உப்பு வாருவதற்கு வழியில்லை. மழை ஓய்ந்தபின் சேறு வாரி, வரப்புக் கட்டி, தரையை மிதித்துக் கெட்டியாக்கினால்தான் அடுத்த பருவத்தில் உப்பு விளையும். எந்த வரப்பு கரைந்தது, எங்கே மண் போட வேண்டும் என்று உப்பளத்துக்காரர் மனக்கணக்குப் போடுவது அந்த மழை நாட்களில்தான்.

பயணத்துக்கும் இது பொருந்தும். ஆசையாகக் கிளம்பி வெளிநாடு போன இடத்தில் நாள் முழுக்க மழை. அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறோமே, போட்ட காசு வீணாகிறதே என்று மனம் புலம்புகிறது. ஆனால் கையில் ஒரு புத்தகமும் ஒரு வரைபடமும் இருந்தால், கண்ட ஊரை அசைபோடலாம், காணப்போகும் ஊரைத் திட்டமிடலாம்.

‘உலகம் சுற்றிய தமிழர்’ ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். சுற்றிலும் கடல், இறங்கிப் பார்க்க ஊரில்லை. காந்தியடிகளின் பிறந்த நாளான அன்றுதான் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் செட்டியாருக்கு உதித்தது. நாடு நாடாக அலைந்து பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940-இல் படம் திரைக்கு வந்தது.

கால் ஓய்ந்திருக்கும் நாளில்தான் மனம் வெகுதூரம் நடக்கிறது. வெயில் உப்பை விளைவிக்கும். மழை நாள் யோசனையை விளைவிக்கும்.