காசு கொடுக்கும் முள்

இயேசு சொன்ன விதைப்பவன் உவமையில் விதை விழும் இடங்கள் நான்கு: வழியோரம், பாறை நிலம், முட்புதர், நல்ல நிலம். மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் இந்த உவமைக்கு விளக்கம் தேடிக் கலிலேயாவுக்குப் போக வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் பகுதியின் கரிசல் காட்டிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அந்த விளக்கம் கிடைக்கும்.

இந்தப் பகுதி நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை. நன்றாக நனைந்த கரிசலில் உடனே இறங்கி வேலை செய்ய முடியாது. அதனால் புரட்டாசியிலேயே, மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் கம்பும் சோளமும் விதைத்துவிடுவது உண்டு. இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். விதை ஏறக்குறைய 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும். மேலாகக் கிடப்பது முதல் தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை பிந்தினால் கருகிப்போகும். ஆழத்தில் இருப்பது, மண் நன்றாக நனையும் வரை அசையாது. உவமையின் பாறை நில விதைக்கு நேர்ந்ததும் மேலாகக் கிடந்த விதையின் கதிதான். சீக்கிரம் முளைத்தது, வேர் இல்லாததால் வெயிலில் காய்ந்தது. எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு தொடங்கும் விசுவாசம் சில மாதங்களில் வற்றிவிடுவதற்கும் காரணம் வேறில்லை. திடப்படுத்தல் வகுப்புகள் நீண்டுகொண்டே போகின்றன என்று சலிப்பவர்கள் உண்டு. விதைப்பின் ஆழம் அந்த வகுப்புகளில்தான் இருக்கிறது.

முட்புதருக்கு இப்பகுதியில் உதாரணம் தேட வேண்டாம். சீமைக்கருவேலம் கண்மாய், ஓடை, தரிசு, கல்லறைத் தோட்டம் எதையும் விட்டுவைக்கவில்லை. அதை யாரும் விதைக்க வேண்டியதில்லை. நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடும் புழுக்கையோடும் விதையைப் போட்டுவிட்டுப் போகின்றன. மேலோடு வெட்டினால் ஒரு கம்பு இருந்த இடத்தில் பல கம்புகள் தழைக்கும். இவ்வளவு தெரிந்தும் அது ஏன் போகவில்லை? அது காசு கொடுக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் விறகாகவும், மூட்டம் போட்டால் கரியாகவும் விலை போகிறது. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்ததும் அதனால்தான். அந்த ஏழைகளைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் உவமைக்கு இயேசுவே தந்த விளக்கத்தில், முள் என்பது உலகக் கவலையும் செல்வத்தின் மயக்கமும். விசுவாசத்தை நெருக்குவது எப்போதும் வெளிப்படையான பாவமாக வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் திறக்கும் கடை, வட்டிக்கு விட்ட பணம், பதவிக்காகச் சபைத் தேர்தலில் போடும் சண்டை என்று ஏதோ ஒரு வருமானத்தோடு வருகிறது. வருமானம் தருவதாலேயே அதை வேரோடு எடுக்க மனம் வராது. கிளையை மட்டும் கழித்துவிட்டு, திருந்தியதாக எண்ணிக்கொள்ளத் தோன்றும்.

விதைப்பதெல்லாம் நன்மைக்கு என்றும் சொல்ல முடியாது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய கும்பெனிப் படை, அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்லப்படுகிறது. அதே 13ஆம் அதிகாரத்தில், இரவில் வந்து கோதுமைக்கிடையே களை விதைக்கும் பகைவனும் இருக்கிறான். கையில் விதை இருப்பது மட்டும் ஒருவனைத் தோட்டக்காரன் ஆக்கிவிடாது.

கவாத்தைப் பற்றி யோவான் 15ஐ வைத்துப் போதுமான அளவு பிரசங்கிக்கப்படுகிறது. காய்ப்பு முடிந்த செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு அதில் விளங்காதது எதுவும் இல்லை. குறைவாகப் பேசப்படுவது லூக்கா 13இல் வரும் தோட்டக்காரனின் பொறுமை. காய்க்காத அத்திமரத்துக்கு அவன் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். சும்மா கேட்கவில்லை, கொத்தி எருவிடும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டு கேட்கிறான். வழிதவறிய பிள்ளைக்காக ஜெபிக்கும் பெற்றோரும் போதகரும் கவனிக்க வேண்டிய இடம் அது.

இவற்றோடு காலமும் சேர வேண்டும். கார்த்திகையில் கரிசல் இளகியிருக்கும்போது சீமைக்கருவேலக் கன்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். மழை நின்று மண் இறுகிவிட்டால் கடப்பாரை வேண்டும். திருச்சபையின் திருவருகைக் காலம் தொடங்குவதும் அதே கார்த்திகையில்தான். மனந்திரும்புதலுக்காக வைக்கப்பட்ட அந்த நான்கு ஞாயிறுகளைப் புதுத்துணிக்கும் கேரல் பவனிக்கும் மட்டும் கொடுத்துவிட்டு, மற்றதைத் தவக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவருக்கு மாசி, பங்குனியில் வேலை இரட்டிப்பாகும்.