துண்டும் நோய்க் குறிப்பும்

நமுனுகுல மலைச்சரிவிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படும் தொழிலாளிப் பெண் ஒருத்தியை வாசகர்கள் தம் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். அன்றைய பேரை இழந்து, விடியுமுன் லயத்தை விட்டு இறங்கி, பஸ் ஏறி வருகிறாள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதனுள் கிளினிக் கொப்பி, மடிப்புகளில் கிழிந்த சில சீட்டுகள், ஓர் எக்ஸ்ரே படம். தோட்டத்து டிஸ்பென்சரியில் இதுவரை என்ன மருந்து கொடுத்தார்கள் என்று வைத்தியர் கேட்கிறார். "வெள்ளைக் குளிசை குடுத்தாங்க ஐயா" என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. பையிலுள்ள குறிப்புகளோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றைச் சுமப்பவளுக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. இவள் நம் கற்பனைப் பெண்தான். ஆயினும் ஊவாவில் ஆசிரியத் தொழில் புரிவோர் எவருக்கும் இவள் அந்நியமானவள் அல்லள்.

இந்த அவலத்துக்கு ஒரு மாற்று உண்டு. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளிகளின் விவரங்கள் கணினியில் ஏற்றப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டு வருகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியும் பதுளை வைத்தியசாலையும் இவ்வாறு ஒரே குறிப்பைப் பகிர்ந்துகொள்ளுமானால், பென்சிலின் ஒவ்வாதவளுக்குத் தவறிப் பென்சிலின் ஏற்றப்படாது. ஆறு மாதம் தொடர வேண்டிய காசநோய் மருந்து இரண்டாம் மாதத்தில் அறுபடாது. பட்ட செலவை மீண்டும் பட்டு அதே பரிசோதனைக்கு அலைய நேராது. குறிப்பு இல்லாமையால் வரும் கேடு உயிர்க்கேடு. ஆகவே, பகிர்வதே வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

ஆனால் இத்துடன் வினா முடிந்துவிடவில்லை. யாருக்கும் யாருக்கும் இடையிலே பகிர்வது? தோட்டத்து டிஸ்பென்சரி யாருடையது?

1872இல் குடியேற்ற ஆட்சி மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. 1912இல் அது புதுக்கி இயற்றப்பட்டது. தொழிலாளியின் மருத்துவத்தைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கிய ஏற்பாடு இது. நோயுற்ற தொழிலாளிக்கு மருந்து கிடைக்க வழி செய்தது என்ற அளவில் அது நன்மையே. எனினும், வேலை வாங்குபவனே வைத்தியமும் பார்ப்பவனாக அதன் மூலம் ஆனான். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. 1990களில் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது, அப்பணி முற்றுப்பெறவில்லை. இன்றும் பல தோட்டங்களில் மருத்துவ உதவியாளர் கம்பெனியின் சம்பளத்தில் வாழ்பவரே. அவர் நல்லவராக இருக்கலாம். நள்ளிரவில் லயத்துக்கு ஓடிவருபவராகவும் இருக்கலாம். நாம் பேசுவது அவருடைய குணத்தைப் பற்றியன்று. அவர் நிற்கும் இடத்தைப் பற்றி. செக்ரோல் எழுதும் கையும் நோய்க் குறிப்பு எழுதும் கையும் ஒரே எசமானுக்குப் பதில் சொல்ல வேண்டியவை.

மலையக மக்களைப் பற்றிய காகிதம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது இது முதன்முறையன்று. முன்னொரு காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டு போவான். கடனும் ஆளும் சேர்ந்து கைமாறும். சீட்டு தொழிலாளியைப் பற்றியது, தொழிலாளிக்காக எழுதப்பட்டதன்று. 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. பின்னர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தனர். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. காகிதம் இருந்தபோது அது பிறர் கையில் இருந்தது. தம் கையில் வேண்டியபோது கிடைக்கவில்லை. இத்தகைய வரலாறுடைய மக்களிடம் "உங்கள் விவரங்களை நம்பிக் கொடுங்கள்" என்று கேட்பவர், முதலில் அவர்களுடைய தயக்கத்தை மதிக்கக் கற்க வேண்டும்.

அத்தயக்கம் அறியாமையன்று. இளம்பெண் ஒருத்தி கருவுற்றிருக்கிறாள், ஒருவனுக்கு வலிப்பு, இன்னொருத்தி மனநோய்க்கு மருந்து குடிக்கிறாள். பதுளை வைத்தியர் எழுதும் இக்குறிப்புகள் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, அங்கு எவர் கண்ணிலும் படலாம் என்றால் என்னவாகும்? அடுத்த நாள் யாருக்குப் பேர் கொடுப்பது, யாரை நிறுத்துவது என்று தீர்மானிப்போர் அதே வளவில் இருக்கிறார்கள். லயத்துக்கும் செய்தி எட்டும். அச்சம் பிறந்தபின் நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டாள். சொல்லப்படாத நோய்க்கு எந்தக் கணினியும் மருந்து காணாது.

"அன்றாடம் கஞ்சிக்கு அல்லலுறுபவனுக்கு அந்தரங்கம் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு, முற்போக்காளர் சிலரும் அப்படிக் கேட்கிறார்கள். செல்வனுடைய இரகசியம் வெளிப்பட்டால் அவன் மானம் குறையும். தொழிலாளியின் இரகசியம் வெளிப்பட்டால் அவனுடைய அடுப்பு அணையும். அந்தரங்கம் அவனுக்கே மிகுதியும் தேவை. தொற்றுநோயை மறைக்கலாமா என்றும் கேட்கலாம். மறைக்கக் கூடாது, சட்டம் குறித்த நோய்களைச் சுகாதார அதிகாரிக்கு அறிவித்தே தீரவேண்டும். ஆனால் ஊரின் நலனுக்காகச் சுகாதார அதிகாரி அறிவது ஒன்று. ஆதாயத்துக்காகத் தோட்ட ஆபீஸ் அறிவது முற்றிலும் வேறொன்று.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக எண்ணினார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அதை உடனிருந்து கொடுப்பவன். நோயுற்றவனே முதலில் வைக்கப்பட்டிருக்கிறான். வேலை வாங்குபவனுக்கு அந்நான்கில் இடமே இல்லை. நோய்க் குறிப்பை யார் வாசிக்கலாம் என்ற இன்றைய வினாவுக்கும் இக்கணக்கு பொருந்துகிறது.

எனவே குறிப்பு பகிரப்படட்டும். ஆனால் அது வைத்தியரிடமிருந்து வைத்தியருக்கு, நோயாளியின் சம்மதத்தோடு செல்லட்டும். தோட்ட ஆபீசுக்கு வேண்டியது ஒன்றே: இவர் இத்தனை நாள் வேலை செய்ய இயலாதவர் என்னும் ஒரு வரி. நோயின் பெயர் அங்கே தேவையில்லை. குறிப்பின் சாரம் தமிழில் எழுதப்பட்டு நோயாளியின் கையிலும் இருக்க வேண்டும்; 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது வெறும் பெயர்ப்பலகைகளுக்காக அன்று. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு, உடல்நலத் தகவலைத் தனிக் காப்புக்குரியதாக வகுத்திருக்கிறது. ஆனால் கம்பெனிச் சம்பளத்தில் இருப்பவரின் மேசைக்கு அச்சட்டம் தானாக நடந்து வராது. தோட்ட மருத்துவம் முழுவதும் பொதுச் சுகாதார சேவையின் பகுதியாகி, மருத்துவ உதவியாளர் அரச ஊழியராகும்போதுதான் இக்காப்பு முழுமை பெறும். கணினி வருமுன்னரே தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. லயத்தில் அந்தக் கொப்பியை வாசித்துக் காட்டும்படி முதலில் கேட்கப்படுபவர்கள் அவர்களே. வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடாமல், "இது உங்களுடையது, இதை யார் பார்க்கலாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுடையது" என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். துண்டைச் சுமந்தவர்களின் பேத்தி இன்று நோய்க் குறிப்பைச் சுமக்கிறாள். முன்னது அவளுடைய பாட்டனைக் கட்டிப்போட்டது. பின்னது அவளைக் காக்க வேண்டும்.