வீட்டுக்காரரின் கேள்வி

வாடகைக்கு வீடு கேட்டு அலைந்த தலித்துகளின் கதைகள் நம்மிடம் ஏராளம். வீட்டை வாடகைக்கு விடுகிற தலித்தின் கதை குறைவு. காரணம் வெளிப்படை. கீழத்தஞ்சையில் குடிசை நின்ற அடிமனைகூட மிராசுதாருடையதாக இருந்தது. கூலி கூடுதலாகக் கேட்டவரை மனையைவிட்டே துரத்தலாம். தமிழ்நாட்டில் 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்த பிறகுதான் விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனை அவருக்கே சொந்தமென்றானது. அப்படிப்பட்ட ஜனங்களில் ஒருத்தர் இன்று சாவியோடு நிற்கிறார். அந்தச் சாவியை அவர் எப்படிப் பயன்படுத்துவது?

எனக்கு இது சொந்தக் கேள்வியாகவே வந்துவிட்டது. புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட வேண்டும். எங்கள் குடும்பத்தில் ‘வீட்டுக்காரர்’ ஆன முதல் ஆள் நான். புரோக்கர் வாடகையைக் கேட்பதற்கு முன்னாடியே, “என்ன ஆளுங்களுக்கு விடலாம்?” என்றார். தோழர் ஒருவர், “நம்ம ஆளுங்களுக்கு மட்டும் விடுங்க தோழர்” என்றார். அத்தை, “வேற ஆளுங்கள வை, அப்பத்தான் தெருவுல மதிப்பு” என்றது. மூன்று பேருக்கும் மூன்று நோக்கம். ஆனால் யார் சொன்னபடி நடந்தாலும், வாசலில் வந்து நிற்பவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாக வேண்டும்: நீங்க என்ன ஆளு?

1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கர், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் வாடகை கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அவர் வாடகை பாக்கி வைக்கவில்லை. வெளிநாட்டுப் படிப்பு இருந்தது, அரசு வேலை இருந்தது. பிறகு இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். இந்து நண்பர் தன் வேலைக்காரர்களைக் காரணம் காட்டினார். கிறிஸ்தவ நண்பர் மனைவியைக் கேட்க வேண்டுமென்றார். கவனியுங்கள், ‘நான் சாதி பார்க்கிறேன்’ என்று இருவரும் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் சாதி அடுத்தவர் வாயால்தான் பேசும். ‘எனக்கு ஒண்ணுமில்லீங்க, பக்கத்து வீட்டுக்காரங்கதான்…’

சொந்த வீடு, என் இஷ்டம் என்பார்கள். சட்டமும் இங்கே தயங்குகிறது. நம் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அதில் பெயர் சொல்லி வரவில்லை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. அதிலும் ஒரு சந்து வைத்தார்கள்: நான்கு குடித்தனத்துக்கு மேற்படாத வீட்டில் உரிமையாளரும் குடியிருந்தால் அவருக்குப் பெருமளவு விலக்கு.

கீழே நான், மேலே குடித்தனம். அந்தச் சந்து எனக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அதில் நியாயமில்லை. விருந்தாளியை நான் தேர்ந்தெடுக்கலாம். அட்வான்ஸ் வாங்கி, பதினோரு மாத அக்ரிமெண்ட் எழுதிக் குடிவைக்கிறவர் விருந்தாளியல்ல. வாடகை வாங்கும்போது கடை, ஆள் பார்க்கும்போது கருவறை என்று ஒரே வீட்டை இரண்டாக வைத்துக்கொள்ள முடியாது.

“அப்ப, மறுக்கப்பட்டவங்களுக்கு முன்னுரிமை கிடையாதா?” என்கிறார் தோழர். சரியான கேள்வி. முன்னுரிமை வேண்டும், ஆனால் அதைச் சாதி கேட்டுத்தான் தர வேண்டுமென்பதில்லை. எத்தனை பேர், கரண்ட் பில் யார் கட்டுவது, வாடகை எந்தத் தேதி என்பதைத் தாண்டி எதுவும் கேட்காத வீடு என்று தெரிந்தால், மற்ற வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் முதலில் வருவார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், துப்புரவுத் தொழிலாளி, முஸ்லிம், தனியாக வாழும் பெண். முதலில் வந்தவருக்கு வீடு. பத்து மாச அட்வான்ஸ் கேட்டால் வாயைத் திறக்காமலே இவர்களை வடிகட்டிவிடலாம். ஆகவே இரண்டு மாசம் போதும். இதில் எனக்கு நஷ்டமுண்டு. வீட்டுக் கடன் அந்த அட்வான்ஸைத்தான் நம்பியிருந்தது.

சாதி இந்து ஒருவர் முதலில் வந்தால்? வரட்டும். அவரையும் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கீழே மாட்டுக்கறி வேகும், வாசனை மாடிக்கு வரும் என்று மட்டும் சொல்லிவிடுவேன். அது நிபந்தனையல்ல, தகவல். அதற்கு மேல் முடிவெடுக்க வேண்டியவர் அவர்.